ஊர்ப் பணத்துக்குக் கணக்கு: கிரவுட்ஃபண்டிங் பட்ஜெட் போடுவது எப்படி?

புதிதாகக் கிரவுட்ஃபண்டிங்கில், அதாவது ஒரு படைப்புக்காக இணையதளம் வழியாகப் பலரிடம் முன்கூட்டியே பணம் திரட்டுவதில், இறங்கும் குழுக்கள் பெரும்பாலும் தொகையில்தான் ஆரம்பிக்கிறார்கள். "மூன்று லட்சம் கேட்போமா? ஐந்து கேட்டால் பேராசையாகத் தெரியுமோ?" என்று டீக்கடையில் பேசி ஒரு எண்ணை முடிவுசெய்வார்கள். அப்புறம் அந்த எண்ணுக்குள் செலவுகளை அடைக்கப் பார்ப்பார்கள். இது தலைகீழ். செலவுப் பட்டியல் முதலில், இலக்குத் தொகை கடைசியில். பணம் கொடுத்தவர் எதிரில் உட்கார்ந்து வரிவரியாகக் கேட்டால் கூச்சமில்லாமல் பதில் சொல்லும்படி அந்தப் பட்டியல் இருக்க வேண்டும். எழுதவே கை தயங்குகிற ஒரு வரி எல்லாக் குழுவிலும் உண்டு: சொந்தச் சம்பளம். அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

முன்பணம் வாங்கிப் புத்தகம் போடுவது தமிழுக்குப் புதிதல்ல. சிறுபத்திரிகைச் சந்தாவும் பதிப்பகங்களின் முன்வெளியீட்டுத் திட்டமும் அதுதானே. 1920-இல் பாரதி தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டம் போட்டுக் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைப் போல அவை விற்றுப்போகும் என்று நம்பினார். பணம் சேரவில்லை. நாலு லட்சம் பிரதி! நம் விற்பனைக் கணக்கைக் குழுவுக்கு வெளியே ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பெயரை என்னால் சொல்ல முடியாது.

சரி, வேலைக்கு வருவோம்.

செலவை எழுதுவது

ஒரு சின்ன உதாரணம் எடுத்துக்கொள்வோம். 96 பக்க வண்ணச் சித்திரக்கதைப் புத்தகம், 500 பிரதிகள். அதில் 400 பிரதி பணம் கொடுத்தவர்களுக்கு, மீதி பிறகு விற்க. விலைகள் உதாரணத்துக்கு நான் வைத்தவை. உங்கள் அச்சகத்தின் கொட்டேஷன் வேறாக இருக்கும்.

ஓவியம், வண்ணம்: 96 பக்கம் × ₹1,500 = ₹1,44,000
கதை, எடிட்டிங்: ₹30,000
வசன எழுத்து, லே-அவுட்: ₹15,000
அச்சு, பைண்டிங்: 500 × ₹220 = ₹1,10,000
பேக்கிங், தபால்: 400 × ₹80 = ₹32,000
பணம் கொடுத்தவர்களுக்குப் போஸ்டர் முதலான கூடுதல் பரிசுகள்: ₹10,000
ஆடிட்டர், வங்கி, சில்லறை: ₹10,000

மொத்தம் ₹3,51,000. இதோடு பத்து சதவீதம் அவசரத்துக்கு ஒதுக்கினால் ₹35,000 சேர்ந்து ₹3,86,000 ஆகிறது. இந்த ஒதுக்கீட்டைப் பட்டியலில் வெளிப்படையாகவே காட்டுங்கள். அச்சுச் செலவுக்குள் கொஞ்சம், தபாலுக்குள் கொஞ்சம் என்று ஒளித்துவைத்தால், எது நிஜச் செலவு என்று நமக்கே மறந்துபோகும்.

அச்சகத்தில் விலை கேட்கும்போது தாளின் ஜி.எஸ்.எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்), அட்டை லேமினேஷன், பைண்டிங் வகை, ஜி.எஸ்.டி. உள்ளடக்கமா இல்லையா, இந்த விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வாய்மொழி விலையை நம்பிப் பட்ஜெட் போடக்கூடாது. புரூஃப் பிரதி, அச்சகத்திலிருந்து வீடு வரை வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, பபுள் ராப், அட்டைப்பெட்டி, முகவரி தவறித் திரும்பி வந்த பார்சலை மறுபடி அனுப்பும் செலவு, இவைதான் பட்டியலில் எப்போதும் விட்டுப்போகிறவை. ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான், ஆனால் 400-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

தபாலை மட்டும் ஊகத்தில் போடாதீர்கள். அதே அளவு, அதே பக்கம் உள்ள ஒரு பழைய புத்தகத்தை எடுத்து, நிஜமாகவே பேக் செய்து, போஸ்டரையும் சேர்த்து, தபால் நிலையக் கவுன்டரில் எடைபோட்டுப் பாருங்கள். 480 கிராம் என்று நினைத்தது பெட்டியோடு 530 கிராம் ஆகும். கட்டணம் அடுத்த படிக்குத் தாவிவிடும். வெளிநாட்டுத் தபால் தனிக் கணக்கு. 2025 ஆகஸ்ட் 29 முதல் 800 டாலருக்குக் குறைவான பார்சல்களுக்கு இருந்த சுங்கவரி விலக்கை அமெரிக்கா எடுத்துவிட்டது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல்களை வாங்குவதையே சில வாரங்கள் நிறுத்திவைத்தது. அதனால் வெளிநாட்டு வாசகர்களிடம் தபால் கட்டணத்தை இப்போதே வாங்காமல், அனுப்பும் சமயத்தில் உள்ள விலைக்குத் தனியாக வாங்கிக்கொள்வதே நல்லது. இதை முதல் நாளே தளத்தில் உள்ள உங்கள் பிரசாரப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். பின்னால் சொன்னால் சண்டை வரும்.

குறும்படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: படப்பிடிப்பு நாட்களுக்கு மட்டும் பட்ஜெட் போட்டுவிட்டு ஒலிக்கலவை, கலர், சப்டைட்டில், இரண்டு ஹார்ட் டிஸ்க், விழா நுழைவுக் கட்டணம் ஆகியவற்றை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. சாப்பாட்டுச் செலவும் நினைத்ததைவிடக் கூடத்தான் வரும்.

கமிஷன் கணக்கு

₹3,86,000 தேவை. கிரவுட்ஃபண்டிங் தளத்தின் கமிஷன், ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயின் கட்டணம், அவற்றின் மேல் ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பலரும் 3,86,000-உடன் அதில் பத்து சதவீதத்தைக் கூட்டி ₹4,24,600 என்று இலக்கு வைப்பார்கள். ஆனால் கமிஷன் பிடிப்பது திரண்ட மொத்தத் தொகையில். 4,24,600-இல் பத்து சதவீதம் போனால் கையில் ₹3,82,140 தான், நாலாயிரம் ரூபாய் துண்டு விழும். கூட்டக்கூடாது, 0.9-ஆல் வகுக்க வேண்டும்: 3,86,000 ÷ 0.9 = ₹4,28,889. இலக்கு ₹4,30,000 என்று வையுங்கள்.

அமெரிக்கக் கிரவுட்ஃபண்டிங் தளமான கிக்ஸ்டார்ட்டர் ஐந்து சதவீதம் எடுக்கிறது. அமெரிக்கத் திட்டங்களுக்குக் கார்டு கட்டணமாக மூன்று சதவீதமும், ஒவ்வொருவர் பணத்துக்கும் 20 சென்டும் தனி. இலக்கை எட்டாவிட்டால் அங்கே ஒரு பைசாவும் வராது. எட்டாவிட்டாலும் வந்தவரை எடுத்துக்கொள்ள விடும் தளங்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எனக்கு அந்த முறை பிடிக்காது. நாலு லட்சம் தேவைப்படும் புத்தகத்துக்கு ஒன்றரை லட்சம் வந்தால் என்ன செய்வீர்கள்? 400 பேருக்குப் பதில் 140 பேருக்குக் கடன்பட்டிருப்பீர்கள், புத்தகம் மட்டும் இருக்காது.

எத்தனை பேர் வேண்டும்?

இந்தக் கணக்கை முக்கால்வாசிப் பேர் போடுவதே இல்லை. புத்தகத்துக்குத் தபாலோடு ₹700 வாங்கலாம் என்று நினைக்கிறீர்கள். கமிஷன் ₹70, தபால் ₹80 போக ₹550 நிற்கும். தபால் தவிர்த்த மற்ற செலவு ₹3,54,000. வகுத்தால் 644 பேர் வேண்டும். நாம் அச்சடிப்பதே 500 பிரதி!

₹1,000 என்று வைத்தால் ஒருவரிடமிருந்து ₹820 நிற்கும், 432 பேர் போதும். அல்லது ₹700-லேயே வைத்து, ஓவியரின் மூலப்படம், வாசகர் முகத்தையே ஒரு கட்டத்தில் வரைவது போன்ற ₹5,000 பரிசுகளால் குறையை ஈடுகட்டலாம். அல்லது 64 பக்கமாகக் குறைக்கலாம். எதைச் செய்தாலும் பிரசாரம் தொடங்கும் முன்னால் காகிதத்தில் செய்யுங்கள். உங்கள் வாட்ஸ்அப் தொடர்பில் எத்தனை பேர் உண்மையிலேயே ஆயிரம் ரூபாய் கொடுப்பார்கள் என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். "ஷேர் பண்றேன்" என்று சொல்பவர்களை அதில் சேர்க்காதீர்கள்.

நம் சம்பளம்

அமெரிக்காவில் 2012-இல் ஒரு போர்டு கேமுக்காக 1,246 பேரிடமிருந்து 1,22,000 டாலருக்கு மேல் திரட்டினார் ஒருவர். அவர் கேட்டது 35,000 தான். ஒரு வருஷம் கழித்துத் திட்டம் ரத்து என்றார். அந்த நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் விசாரித்து 2015-இல் வழக்கை முடித்தது. கிரவுட்ஃபண்டிங் தொடர்பாக அந்த ஆணையம் எடுத்த முதல் நடவடிக்கை அதுதான். பணத்தில் பெரும்பகுதி வீட்டு வாடகை, வேறு ஊருக்குக் குடிபோனது, சொந்தச் சாமான்கள், இன்னொரு திட்டத்தின் உரிமம் ஆகியவற்றில் போனது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. விளையாட்டை வேறொரு நிறுவனம் அச்சிட்டுப் பணம் கொடுத்தவர்களுக்கு இலவசமாகவே அனுப்பியது.

இதைப் படித்ததும் பல குழுக்கள் பயந்து, பட்ஜெட்டில் தங்களுக்கு ஒரு பைசாவும் எழுதாமல் விடுகிறார்கள். அது தவறான பாடம். ஓவியர் எட்டு மாதம் சாப்பிடாமலா வரைவார்? சம்பளம் எழுதாத பட்ஜெட்டில் அந்தச் சாப்பாடு வேறு ஏதோ வரியிலிருந்துதான் வரும். பெரும்பாலும் அச்சுக்கு வைத்த பணத்திலிருந்து. கதாசிரியருக்கு ₹30,000 என்று முதல் நாளே எழுதியிருந்தால், அதை அவர் வாடகைக்குக் கொடுக்கிறாரா, தங்கைக்குச் சீர் செய்கிறாரா என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. எழுதாமல் எடுத்தால் ஐயாயிரமும் கையாடல்தான்.

"பக்கத்துக்கு 1,500 ரூபாயா?" என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். கோபப்படாமல் வேலையைப் பிரித்துக் காட்டுங்கள்: பென்சில், இங்க், வண்ணம், திருத்தம். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் என்றால் 96 பக்கத்துக்கு 192 நாள், நாளுக்கு ₹750. சென்னையில் ஒரு கொத்தனாரின் நாள்கூலி இதைவிட அதிகம். பென்சில் நிலையில் ஒன்று, முடிந்த நிலையில் ஒன்று என இரண்டு படத்தோடு இதைப் போட்டால் அந்தக் கேள்வி அதோடு அடங்கும்.

வெளியாட்களுக்கும் இது பொருந்தும். பாடகி அமாண்டா பால்மர் 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் 12 லட்சம் டாலர் அளவுக்குத் திரட்டினார், கேட்டது ஒரு லட்சம். அந்தப் பணம் எங்கே போகிறது என்று விளக்கமும் எழுதினார். ஆனால் சுற்றுப்பயணத்தில் உள்ளூர் இசைக்கலைஞர்களைச் சம்பளமில்லாமல் வந்து வாசிக்கக் கூப்பிட்டபோது கடும் எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் சம்பளம் கொடுக்க வேண்டியதாயிற்று. பெரிய தொகை திரண்ட செய்தி ஊருக்கே தெரிந்த பிறகு "நட்புக்காகச் செய்து கொடு" என்பது எடுபடாது.

எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தால்

குறைவாக வருவதைவிட இது ஆபத்து. சான்பிரான்சிஸ்கோவின் டபுள் ஃபைன் என்ற வீடியோ கேம் ஸ்டூடியோவின் கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. 2012 பிப்ரவரியில் அதன் நிறுவனர் டிம் ஷேஃபர் ஒரு பழையபாணிச் சாகச விளையாட்டுக்காக 4 லட்சம் டாலர் கேட்டார். மூன்று லட்சம் விளையாட்டுக்கு, ஒரு லட்சம் அது உருவாவதைப் படமாக்கும் ஆவணப்படத்துக்கு. இலக்கு ஒரே நாளுக்குள் எட்டியது. மார்ச்சில் முடிந்தபோது 87,000-க்கும் மேற்பட்டவர்களிடமிருந்து 33 லட்சம் டாலர். கேட்டதைப் போல எட்டு மடங்கு.

அடுத்த ஆண்டு ஜூலையில் ஷேஃபர் பணம் கொடுத்தவர்களுக்கு எழுதினார்: நாங்கள் வடிவமைத்த விளையாட்டுக்கு இந்தப் பணம் போதாது, இப்படியே போனால் 2015 ஆகும், முதல் பாதியை முன்கூட்டியே விற்று அந்த வருமானத்தில் மீதியை முடிக்கிறோம். இணையம் கொதித்தது. முதல் பாதி 2014 ஜனவரியிலும் இரண்டாம் பாதி 2015 ஏப்ரலிலும் வந்தன.

33 லட்சம் டாலர் எப்படிப் போதாமல் போகும்? அமெரிக்க விளையாட்டுத் துறையில் ஓர் ஆளுக்கு ஒரு மாதத்துக்குச் சம்பளம், காப்பீடு, வாடகை எல்லாம் சேர்த்துச் சுமார் 10,000 டாலர் என்று குத்துமதிப்பாகக் கணக்கு வைப்பார்கள். கட்டணங்கள் போக 30 லட்சம், ஆவணப்படத்தின் ஒரு லட்சம் போக 29 லட்சம் என்று வையுங்கள். 290 ஆள்-மாதம். பதினைந்து பேர் வேலை செய்தால் பத்தொன்பது மாதத்தில் தீர்ந்துவிடும், பரிசுப் பொருட்களின் செலவைச் சேர்க்காமலே. திட்டமோ மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது. யாரும் திருடவில்லை. பணம் எட்டு மடங்கானதும் கனவும் பெருத்தது, அவ்வளவுதான்.

நம் அளவில் இதற்கு ஒரு நடைமுறை: ஐந்து லட்சம் தாண்டினால் கெட்டி அட்டை, ஆறு தாண்டினால் கூடுதல் 16 பக்கம் என்று உற்சாகத்தில் அறிவிக்காதீர்கள். ஒவ்வொரு அறிவிப்பும் ஒரு புது பட்ஜெட். கெட்டி அட்டை போட்டால் அச்சு விலை மட்டுமா ஏறும்? எடை ஏறும், தபால் ஏறும், பெட்டி மாறும். 16 பக்கம் என்றால் ஓவியருக்கு இன்னும் 32 நாள். அதிகம் வந்த பணத்தை முதலில் தாளின் தரத்துக்கும் கூலிக்கும் கொடுங்கள். புதுப் பொருட்களைச் சேர்க்காதீர்கள்.

பணம் கைக்கு வந்ததும்

தனி வங்கிக் கணக்கு கட்டாயம். ஒருவரின் சேமிப்புக் கணக்கில் மளிகை, மின்கட்டணம், அச்சகம் எல்லாம் கலந்து ஓடினால், நேர்மையானவர்கூடப் பதில் சொல்லத் திணறுவார். தபாலுக்கும் அச்சுக்குமான ₹1,42,000-ஐ அன்றே ஒதுக்கி, குறுகிய கால டெபாசிட்டில் போட்டுவிடுங்கள். கண்ணில் படும் பணம் செலவாகிவிடும்.

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும்: தேதி, யாருக்கு, எதற்கு, பட்ஜெட்டின் எந்த வரி, தொகை, பில் எண். ஆட்டோவுக்கும் ஏற்றுக்கூலிக்கும் பில் கிடைக்காது. சின்ன வவுச்சர் புத்தகம் வாங்கி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். ஐயாயிரத்துக்கு மேல் எந்தச் செலவுக்கும் இருவர் சம்மதம் என்று குழுவுக்குள் எழுதிக்கொள்ளுங்கள். அச்சகத்துக்கு முழுப்பணமும் முன்னால் கொடுக்க வேண்டாம். பாதி அட்வான்ஸ், மீதி டெலிவரியின்போது என்று பேசலாம். நண்பர்களாக இருப்பதால் கணக்கு வேண்டாம் என்பவர்கள்தான் பின்னால் நண்பர்களாக இருப்பதில்லை.

வரியைப் பற்றி ஆடிட்டரிடம் பிரசாரத்துக்கு முன்பே பேசுங்கள், குறிப்பாக மூன்று விஷயம். பிப்ரவரியில் பணம் வந்து ஜூனில் அச்சடித்தால், மார்ச் 31-இல் உங்கள் கணக்கில் வரவு மட்டும் இருக்கும், செலவு அடுத்த நிதியாண்டில் நிற்கும். அந்த வரவை எப்படிக் காட்டுவது? இரண்டாவது, வெளிநாட்டு நன்கொடை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் இருக்கும் அண்ணன் வங்கி வழியாகக் கொடுப்பது வேறு, கனடியக் குடியுரிமை பெற்றுவிட்ட மாமா கொடுப்பது வேறு. பின்னது வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி வெளிநாட்டுப் பணமாகலாம். புத்தகத்தின் விலையாக வாங்குவதும் நன்கொடையாக வாங்குவதும் ஒன்றல்ல. மூன்றாவது, "லாபத்தில் பங்கு தருகிறோம்" என்று பிரசாரப் பக்கத்தில் கைதவறிக்கூட எழுதாதீர்கள். பரிசு என்பது முதலீடு ஆகிவிட்டால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிகள் வந்து நிற்கும்.

கணக்கு காட்டுவது

மாதம் ஒரு முறை, நல்ல செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும். நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"அச்சு: திட்டம் ₹1,10,000, ஆனது ₹1,24,500. நாங்கள் கேட்ட 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர் கிடைக்க ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். காத்திருக்காமல் 150 ஜி.எஸ்.எம். எடுத்தோம். கூடுதல் ₹14,500 அவசர ஒதுக்கீட்டிலிருந்து. அதில் மீதம் ₹20,500. எடை கூடியதால் தபாலில் என்ன மாறும் என்பதை அடுத்த மாதம் எழுதுகிறோம்."

திட்டம், நடந்தது, காரணம், எங்கிருந்து எடுத்தோம், என்ன மிச்சம். இந்த ஐந்தும் இருந்தால் மன்னிப்புக் கடிதமே தேவையில்லை. "எதிர்பாராத காரணங்களால்" என்று மட்டும் எழுதாதீர்கள். அது எதையோ மறைப்பதாகத்தான் படும். மற்றவர்களின் சம்பள விவரத்தை அவர்களைக் கேட்டுவிட்டே போடுங்கள்.

கை மீறிப்போனால் சீக்கிரம் சொல்வதுதான் ஒரே வழி. கிக்ஸ்டார்ட்டர் விதிகளே இதற்கு நல்ல வார்ப்பு. முடிக்க முடியாத படைப்பாளி என்ன வேலை நடந்தது, பணம் எப்படிச் செலவானது, எது தடுக்கிறது என்று எழுத வேண்டும். மீதிப் பணத்தைப் பரிசு கிடைக்காதவர்களுக்கு அவரவர் கொடுத்த விகிதத்தில் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு வடிவில் எப்படி முடிக்கப் போகிறார் என்று விளக்க வேண்டும். சும்மா இருந்துவிட்டால் என்ன ஆகும்? 2012-இல் ஓவியச் சீட்டுக்கட்டு ஒன்றுக்கு 810 பேரிடம் 25,146 டாலர் வாங்கிவிட்டுச் சீட்டும் அனுப்பாமல் பதிலும் சொல்லாமல் இருந்த நிறுவனத்தின் மேல் வாஷிங்டன் மாநில அரசு வழக்குப் போட்டது. 2015-இல் நீதிமன்றம் விதித்த தொகை சுமார் 54,800 டாலர். அதில் அந்த மாநிலத்துக்காரர்கள் 31 பேருக்குத் திருப்பித் தர வேண்டியது வெறும் 668 டாலர்தான். மீதியெல்லாம் அபராதமும் வழக்குச் செலவும்.

கடைசியாக, மிச்சம். எல்லாப் பார்சலும் போன பிறகு 100 பிரதியும் சில ஆயிரம் ரூபாயும் நிற்கலாம். அவை யாருக்கு என்பதைப் பிரசாரப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: மீதிப் பிரதிகளை விற்ற பணம் ஓவியருக்கும் கதாசிரியருக்கும் பாதிப்பாதி என்றோ, அடுத்த புத்தகத்தின் அச்சுக்கு என்றோ. எது என்றாலும் சரி. சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு வாசகர் தான் ஆயிரம் கொடுத்த புத்தகத்தை 600 ரூபாய்க்கு விற்பதைப் பார்த்துவிட்டுக் கேட்பார். அந்த வரியைக் காட்டலாம். கூடவே, முதல் ஆறு மாதம் அவர்கள் கொடுத்த விலைக்குக் கீழே விற்பதில்லை என்றும் எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமிருக்காது.